நேரம் சரியில்லை!

"உங்க அப்பா காது கிண்ணுன்னு இருக்கு சார். 78 வயசுல எனக்கு இப்படி இருந்தாப் போதும்" என்றார் சேலத்து டாக்டர்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். தர்மபுரியிலிருந்து அறுபத்தைந்து கிலோமீட்டர் வந்து, டோக்கன் போட்டு, மூன்று மணி நேரம் பெஞ்சைத் தேய்த்து, ஃபீஸும் கொடுத்த பிறகு ஒரு வியாதியும் இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

"இல்லை டாக்டர்... ரெண்டு வருஷமா சத்தம் கேக்குது, சத்தம் கேக்குதுன்னு சொல்லிட்டே இருக்கார்."

டாக்டர் அப்பா பக்கம் திரும்பினார். "எப்பப்ப கேக்குது பெரியவரே?"

"கார்ல ஏறி உக்காந்தா கேக்குதுங்க. எறங்கினா நின்னுடுதுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காது படத்தைப் பார்த்தேன்.

"காரைக் காட்டினீங்களா?" என்றார்.

டாக்டர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து, பெரிய மனுஷர் ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டிய அளவுக்குச் சிரித்துவைத்தேன்.

திரும்பி வரும் வழியில் தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து இறங்கும் லாரிகளுக்குத்தான் அது கண்டம் என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். ஏறுகிறவர்கள் கஷ்டம் பேப்பரில் வராது. அன்று எங்கள் அம்பாசடர் மூன்றாவது கியரில் முனகியது. இரண்டாவதில் அழுதது. எங்களை முதலில் கிரானைட் லாரி முந்தியது. சரி, அது பெரிய வண்டி. பிறகு டவுன் பஸ். சரி, அது அரசாங்கம். அப்புறம் பின்னால் இரண்டு தக்காளிக் கூடை கட்டிய டி.வி.எஸ். மொபெட் ஒன்று முந்தியது. முந்தினவர் சும்மா போகாமல் திரும்பிப் பார்த்து, "தள்ளணுமாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த டி.வி.எஸ். 50 எங்கள் மாவட்டத்துப் பிள்ளை. 1980-ல் ஓசூரில் பிறந்தது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்துபோய், ஓசூரையும் கூட்டிக்கொண்டு போனது. சொந்தக்காரனே முந்திக்கொண்டு போனால் வலி ஜாஸ்தி.

முன் சீட்டில் இருந்த அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சத்தம் கேக்குதுப்பா."

பின் சீட்டிலிருந்து என் மனைவி, "டாக்டர் ஒண்ணும் இல்லைன்னுட்டார் மாமா" என்றாள்.

அப்பா அதற்குப் பிறகு வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கார் எப்படி எங்களிடம் வந்தது என்று சொல்ல வேண்டும். அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் டிரைவர். 1983-ல் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த வெள்ளை அம்பாசடர் மார்க் 4-ஐ முதல் நாளிலிருந்து ஓட்டியவர் அவர். பின் சீட்டு அதிகாரிகள் எத்தனையோ பேர் மாறினார்கள். முன் சீட்டு மாறவில்லை. காலை எட்டே முக்காலுக்கு அப்பா அதிகாரி வீட்டு வாசலில் ஹாரன் அடித்தால், பக்கத்து வீட்டில் கடிகாரத்தைத் திருத்துவார்கள். 1996-ல் வண்டியைக் கண்டம் செய்து ஏலத்தில் விட்டார்கள். அப்பா பி.எஃப்.பில் கடன் போட்டு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அம்மா ஒரு வாரம் பேசவில்லை. "இருபத்திநாலு மணி நேரமும் அதுகூடத்தான் இருந்தீங்க, ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எனக்குன்னு இருந்தது. அதுக்கும் வந்துட்டாளா?" என்று கேட்டாளாம்.

அம்மா இப்போது இல்லை. அப்பாவும் ஓட்டுவதை விட்டுவிட்டார். ஓட்டுவது நான். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், "முன்னாடி பக்கம் என்னமோ சத்தம் வருது, என்னான்னு பாரு" என்று அப்பா முதலில் சொன்னபோது, நான் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். "டாப்பெட் சத்தம் சார்" என்று சரிசெய்து கொடுத்தார். ஒரு மாதம் கழித்து இன்னொருவர், "கார்புரேட்டர்" என்றார். மூன்றாமவர் பிளக், பாயின்ட் எல்லாம் மாற்றி, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிவைத்தார். நிஜமாகவே இழுவை கூடியது. "பாத்தியாப்பா, சரியாயிடுச்சு" என்றேன். அப்பா, "சத்தம் அப்படியேதானே இருக்கு?" என்றார். மூன்று மெக்கானிக்குகள், மூன்று பில். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மூன்று பேருக்குத் தெரியாதது இவருக்குத் தெரியுமா? வயசாகிவிட்டது, காதுக்குள் இரைகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். சேலத்துக்குக் கிளம்பியது அப்படித்தான்.

தொப்பூர் அவமானத்துக்குப் பிறகு காரை விற்றுவிடலாம் என்று தோன்றியது. காயலான் கடைக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். பொங்கல் மாட்டைப் பார்ப்பது போல டயரைத் தட்டினார். "நாப்பதாயிரம். இரும்பு வெலதான் சார்."

எனக்குச் சுருக்கென்றது. அம்பாசடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் தயாரான கார். பிரதமரும் பயணம் செய்தார், பால்காரரும் பயணம் செய்தார். 2017-ல் 'அம்பாசடர்' என்கிற பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டு பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. பெயருக்கு மட்டும் 80 கோடி! பெயரோடு, நாலு டயரும் எஞ்சினும் சேர்ந்த என் காருக்கு நாற்பதாயிரம்.

வைத்துக்கொள்வதும் லேசில்லை. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025-ல் இருபது வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கினார்கள். ஐம்பது வயது தாண்டினால் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று 2021-ல் ஒரு விதி வந்தது. எங்கள் காருக்கு அந்த யோகம் 2033-ல். ஆனால் விண்டேஜ் என்று பதிவு செய்தால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம். மனிதர்களுக்கும் ஏறக்குறைய அதே விதிதான். வயசானவர்களைக் கல்யாணத்தில் முன் வரிசையில் உட்காரவைப்போம். அவர் பேச்சை மட்டும் கேட்க மாட்டோம்.

இதற்கு நடுவில் என் மனைவி ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தாள். "நேரம் சரியில்லையாங்க. தேய்பிறை அஷ்டமியன்னிக்கு அதியமான்கோட்டை காலபைரவருக்கு வெளக்குப் போடச் சொன்னார்."

"யாருக்கு நேரம் சரியில்லை? எனக்கா, உனக்கா?"

"அதைக் கேக்கலையே!"

தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டையில் எள் போட இடமிருக்காது. பூசணிக்காயில் விளக்கேற்றக் கர்நாடகத்திலிருந்தெல்லாம் வருவார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் நிறுத்த இடம் கிடைக்காமல், தள்ளிப்போய் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். மரத்தடியில் ஒரு தகர ஷெட். வாசலில் ஒரு பழைய பியட், பானெட்டைத் திறந்துகொண்டு கொட்டாவி விட்டபடி நின்றது. கயிற்றுக் கட்டிலில் வெள்ளைத் தாடியோடு ஒரு மேஸ்திரி. நான் எஞ்சினை அணைக்கும் முன் அவர் கையைத் தூக்கினார்.

"ஆஃப் பண்ணாத தம்பி."

எழுந்து வந்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையை எஞ்சினின் முன்பக்கத் தகட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சேலத்து டாக்டரிடம் இருந்த மெஷினின் விலை எவ்வளவோ தெரியாது. இது முப்பது ரூபாய் ஸ்டெதஸ்கோப்.

கண்ணைத் திறந்து சொன்னார்: "வண்டிக்கு நேரம் சரியில்லை."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பார்த்தீர்களா, ஜோசியர் சொன்னது பலித்துவிட்டது என்கிற பார்வை.

"டைமிங் செயின் தளந்து போச்சு தம்பி. ரெண்டு வருஷம் இருக்குமே? யாரும் சொல்லலையா?"

காருக்குள் அப்பா உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

டைமிங் செயின் என்றால் என்ன என்று மேஸ்திரி எனக்குச் சொன்னதை, உங்களுக்கு டவுன் பஸ் பாஷையில் சொல்கிறேன். எஞ்சினில் நாலு சிலிண்டர். நாலு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். ஒன்றில் பெட்ரோலும் காற்றும் ஏறும். மற்றதில் புகை இறங்கும். இந்த வாசல்களுக்குப் பெயர் வால்வு. திறக்க, மூட ஏற்பாடு செய்யும் கண்டக்டர், கேம் ஷாஃப்ட். கீழே வண்டியை இழுக்கும் டிரைவர், கிராங்க் ஷாஃப்ட். டிரைவர் இரண்டு சுற்றுச் சுற்றினால் கண்டக்டர் ஒரு சுற்று. அதனால்தான் கண்டக்டரின் பல்சக்கரத்தில் டிரைவரின் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பல் இருக்கும். இருவருக்கும் நடுவில் பழைய பஸ்களில் கட்டியிருந்த மணிக் கயிறு ஞாபகம் இருக்கிறதா? அதுதான் டைமிங் செயின்.

கயிறு விறைப்பாக இருந்தால், இங்கே இழுத்த கணம் அங்கே 'டிங்'. தொய்ந்திருந்தால் கண்டக்டர் இழுத்துக் கொஞ்ச நேரம் கழித்து மணி அடிக்கும். அதற்குள் ஏற வேண்டியவர் தொங்குவார், இறங்க வேண்டியவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திட்டுவார். பஸ் என்னவோ ஓடிக்கொண்டுதான் இருக்கும். நேரத்துக்கு மட்டும் போகாது.

எஞ்சினில் இந்த வேலை நடக்கும் வேகத்தைக் கணக்குப் பாருங்கள். கிராங்க் நிமிஷத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் 1,000 தடவை திறந்து மூடும். எட்டு வால்வுக்கு ஒரு மணி நேரத்தில் 4 லட்சத்து 80 ஆயிரம் தடவை. நம் ஆபீசில் ஒரு ஃபைல் வருஷத்துக்கு ஒரு தடவை திறந்தால் அதுவே சாதனை.

செயின் 'நீண்டுவிட்டது' என்று எல்லோரும் சொல்வார்கள். இரும்பு ரப்பர் மாதிரி நீளாது. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள பின்னும் புஷ்ஷும் உரசி உரசித் தேய்கின்றன. ஒரு கண்ணியில் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு தேய்ந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? ஆனால் ஐம்பது கண்ணி சேர்ந்தால் முழுசாக ஒரு மில்லிமீட்டர். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் தேய்மானம் இன்னும் வேகம். (நான் தள்ளிப்போட்டேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.) செயின் தளர்ந்தால் கேம் பின்தங்கும், வால்வுகள் லேட்டாகத் திறக்கும், ஏற்றத்தில் இழுவை போகும். டிஸ்ட்ரிபியூட்டரும் கேம் ஷாஃப்ட்டிலிருந்துதான் ஓடுகிறது என்பதால் ஸ்பார்க்கும் லேட். மூன்றாவது மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவைத்ததும் இழுவை ஏன் கூடியது என்று இப்போது புரிந்தது. ஆபீசுக்கு லேட்டாக வருகிறவன் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்ட மாதிரிதான்.

"கழட்டாமலே காட்டறேன் பாரு" என்றார் மேஸ்திரி. எஞ்சினை அணைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். முன்னால் ஹேண்டிலைப் போட்டு, என்னை உள்ளே இருக்கும் ரோட்டரைப் பார்க்கச் சொன்னார். ஹேண்டிலை இந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினார். ரோட்டர் நகர்ந்தது. அந்தப் பக்கம் திருப்பினார். ரோட்டர் அப்படியே நின்றது. இன்னும் திருப்பினார். நின்றது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது போல் நகர்ந்தது.

"இங்க ஆட்டின உடனே அங்க அசையணும். அசையலை பார்த்தியா? நடுவுல இருக்கற தொய்வு அது."

எங்கள் ஆபீசில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு அதை விளக்கியதில்லை.

"உடனே அறுந்துடுமா மேஸ்திரி?"

"பெல்ட்டுன்னா சொல்லாம கொள்ளாம அறுந்துடும் தம்பி. மாருதி எண்ணூறுல பெல்ட்டுதான். கிலோமீட்டர் கணக்கு வெச்சு மாத்திடணும். செயின் அப்படி இல்லை. முன்னாடியே சத்தம் போட்டுச் சொல்லிட்டே இருக்கும். கேக்கத்தான் ஆள் வேணும்."

இதை அவர் என்னைப் பார்த்துச் சொன்னாரா, காருக்குள் இருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. அப்பா கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். இரண்டு பேரும் அரை நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, ஜீப்பு ஷெட்டுல பார்த்திருக்கேனே உங்களை?"

"எண்பத்தேழுல கிளட்ச் பிளேட்டு போட்டது நீதானே?"

அவ்வளவுதான். காலபைரவருக்கு விளக்குப் போட என் மனைவி மட்டும் போனாள்.

சாமான் வாங்கும் பொறுப்பு எனக்கு. "செயின் மட்டும் வாங்காத. ரெண்டு பல்சக்கரத்தையும் சேர்த்து வாங்கு. தேஞ்ச பல்லுல புதுச் செயினைப் போட்டா அதையும் சீக்கிரம் தின்னுடும்" என்று சொல்லியிருந்தார் மேஸ்திரி. புது மருமகளைப் பழைய கூட்டுக்குடும்பத்தில் விடுவது போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.

சேலத்தில் ஒரு கடைப் பையன், "அம்பாசடரா? அது எந்தக் கம்பெனி சார்?" என்றான். இன்னொரு கடையில் ஒரு செயினை எடுத்துக் கொடுத்தார்கள். மேஸ்திரி கையில் வாங்கிய உடனே, "இதைப் போட்டு நாய் கட்டலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சென்னை புதுப்பேட்டை போகலாமா என்று யோசித்து, கடைசியில் பக்கம் என்பதால் பெங்களூர் ஜே.சி. ரோட்டுக்கு பஸ் ஏறினேன். நாலாவது கடையில் ஒரு பெரியவர் நாற்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை எடுத்து, ஒட்டடையை ஊதிவிட்டுக் கொடுத்தார். மூன்று மணி நேரப் பயணத்தில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் நகை என்று நினைத்திருப்பார்.

இந்த மாதிரி புஷ் ரோலர் செயினை 1880-ல் கொண்டுவந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். சுவிட்சர்லாந்துக்காரர், தொழில் நடத்தியது இங்கிலாந்தின் மான்செஸ்டரில். கார் கம்பெனி ரெனோவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. இன்னொரு சம்பந்தம் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். எங்கள் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி பி-சீரிஸ் வம்சம். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. என்கிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளும் இந்த வம்சத்து 1489 சி.சி. எஞ்சின்தான். அண்ணன் ரேசுக்குப் போனான். தம்பி தாலுகா ஆபீசுக்கு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன். புளியமரத்தடியில் அப்பாவுக்கு ஒரு ஸ்டூல். தண்ணீரை வடித்து ரேடியேட்டரைக் கழற்றினார் மேஸ்திரி. அதை எடுக்காமல் முன்பக்கம் கை போகாது. ஃபேன் பெல்ட் வந்தது. பிறகு கிராங்க் முனையில், ஹேண்டில் மாட்டும் பெரிய நட்டு. அது மட்டும் வரவில்லை. ஸ்பானரில் பைப்பைச் செருகி நானும் மேஸ்திரியும் தொங்கினோம். நட்டுக்குப் பதில் எஞ்சினே சுற்றியது.

ஸ்டூலிலிருந்து குரல்: "டாப் கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுப்பா."

போட்டோம். வந்தது.

மூடித் தகட்டைக் கழற்றியதும் உள்ளே அந்தச் செயின். அம்மாவின் பழைய மணிபர்சிலிருந்த சங்கிலி மாதிரி ஒரு பக்கம் தொய்ந்து தொங்கியது. இரண்டு சக்கரத்தையும் செயினோடு சேர்த்து முன்னுக்கு நெம்பி வெளியே எடுத்தார். பழைய செயினின் ஒரு முனையைப் பிடித்து, தட்டையாகப் படுக்கைவாட்டில் நீட்டிக் காட்டினார். வாழைப்பழம் மாதிரி கீழே வளைந்தது. புதுச் செயினை அதே மாதிரி நீட்டினார். கிட்டத்தட்ட அடிஸ்கேல் மாதிரி நின்றது. பழைய சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கம் தேய்ந்து கொக்கியாக வளைந்திருந்தன. இரண்டு வருஷம் எனக்குக் கேட்காத சத்தம், கண் முன்னால் கிடந்தது. அப்பா அந்தச் செயினைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

புதுசை மாட்டுவதுதான் சூட்சுமம். இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு புள்ளி வெட்டியிருக்கும். இரண்டு சக்கரத்தின் நடுமையத்தையும் சேர்த்து ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டில் இரண்டு புள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் பழைய செயினைவிட மோசம். பெண் பார்க்கிற சடங்கு மாதிரி: பார்வை சேர்ந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

மேஸ்திரி மாட்டி முடித்து, தகட்டை மூடப் போனார். கேஸ்கெட் கூடத் தயார்: காகித அட்டையைத் தகட்டின் மேல் வைத்து, விளிம்பில் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டியிருந்தார்.

"மூடாதப்பா" என்றார் அப்பா. "ஹேண்டில் போட்டு ரெண்டு சுத்து சுத்து."

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. புள்ளிகள் மறுபடி நேருக்கு நேர் வர வேண்டும். மேஸ்திரி சுற்றினார். வரவில்லை. ஒரு பல் தள்ளியிருந்தது. மாட்டும்போது மேல் சக்கரம் மயிரிழை திரும்பிவிட்டிருக்கிறது. மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, கண்ணு முன்ன மாதிரி இல்லை" என்றார்.

"கழட்டி மாட்டு. எனக்கொண்ணும் அவசரம் இல்லை" என்றார் அப்பா.

மறுபடி கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி இரண்டு சுற்று. இந்தத் தடவை புள்ளியும் புள்ளியும் பார்த்துக்கொண்டன. எண்ணெய் சிதறாமல் தடுக்கும் வட்டத் தகடு, புது ஆயில் சீல், கேஸ்கெட், மூடி, புல்லி, பெல்ட், ரேடியேட்டர் எல்லாம் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக ஏறின. கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, மூன்றாவது மெக்கானிக் வைத்த பொய்க் கணக்கை அழித்தார்கள். மாலை ஐந்தரை.

"நீ ஸ்டார்ட் பண்ணு" என்று சாவியை அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "நீ பண்ணு. நான் கேக்கணும்."

ஸ்டார்ட் செய்தேன். இரண்டு சுற்று இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. இப்போதுதான் ஒரு வேடிக்கை. இரண்டு வருஷமாக எனக்குக் கேட்காத அந்தச் சத்தம், டப்பாவில் சில்லறைக் காசைப் போட்டு ஆட்டுகிற மாதிரி ஒரு சத்தம், அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று இருந்தது என்றே எனக்குத் தெரிந்தது. தினம் கேட்டுக் கேட்டு, அதுதான் காரின் குரல் என்று நினைத்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிற எதுவும் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரிவதில்லை. வண்டி புதுசாக இருந்தபோது எப்படிப் பேசியது என்று ஞாபகம் வைத்திருக்கிறவருக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். அவரைத்தான் நான் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"சத்தம் நின்னுடுச்சு" என்றார்.

கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்த என் மனைவி ஆவலாகக் கேட்டாள்: "காது சரியாப் போச்சா மாமா?"

அதியமான் அரசாண்ட பூமி இது. ஆயுளைக் கூட்டும் நெல்லிக்கனி கிடைத்தபோது, தான் தின்னாமல் ஔவைக்குக் கொடுத்தவன். எங்கள் அம்பாசடருக்கு நெல்லிக்கனி ஒரு செயினும் இரண்டு பல்சக்கரமும். மொத்தச் செலவு என் செல்போன் விலையில் பாதிகூட இல்லை. காயலான் கடைக்காரர் மறுநாள் ஐயாயிரம் கூட்டிக் கேட்டார். "அப்பாவைக் கேக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆகிறது!

அடுத்த வாரம் மறுபடி சேலம் போனோம். வரும்போது தொப்பூரில் மூன்றாவது கியர் முனகவில்லை. கிரானைட் லாரியை முந்தினோம். தக்காளிக் கூடை மொபெட் ஏதாவது வருகிறதா என்று அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சேலத்துக்கு எதற்குப் போனோம் என்கிறீர்களா? அதே டாக்டரிடம்தான். டோக்கன் மட்டும் இந்தத் தடவை என் பெயரில்.